பிரியஸ் 30: பெரிய பற்றரிக்கு விழுந்த பழி

எங்கள் வீட்டு வாகனம் 2011ஆம் ஆண்டு பிரியஸ், பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் வகை, ஜப்பானில் ஓடிய பிறகு இங்கே வந்தது. 2020 மார்ச்சில் இலங்கைக்குள் வாகனம் இறக்குவதை நிறுத்தினார்கள்; பிறகு ஐந்து வருசம் கையில் இருந்ததைக் கட்டி இழுப்பதைத் தவிர யாருக்கும் வேறு வழி இருக்கவில்லை. இந்த வாகனத்தில் என்ன சத்தம் வந்தாலும் எனக்கு நெஞ்சு ஒருக்கால் இடிக்கிறது அதனால்தான்.

அன்று காலை மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வெளிக்கிட்டோம். பிரியஸ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சாரதிப் பக்கக் கதவைத் திறந்தவுடன் முன்னுக்கு இருந்து பிரேக் பம்ப் இரண்டு மூன்று செக்கனுக்கு ஓடி அடங்கும். அன்று அது முக்கி முனகிக்கொண்டு நீளமாக ஓடியது. அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், விளங்கவில்லை. பிரேக்கை மிதித்துப் பவர் பொத்தானை அமத்தினேன். எங்கேயோ ரிலே ஒன்று டிக் டிக் டிக் என்று அடித்தது, மீற்றர் ஒருக்கால் மங்கிப் பிரகாசித்தது, பேந்து வந்தது பாருங்கள், நல்லூர்த் திருவிழாச் சோடனை மாதிரி எல்லா லைற்றும். சிவப்பு முக்கோணம், ஏபிஎஸ், பிரேக்கின் மஞ்சள் லைற், சறுக்கலைத் தடுக்கிற விஎஸ்சியின் லைற், எஞ்சின் லைற். நடுவில் ஜப்பான் எழுத்தில் ஒரு வரி. போனைக் காட்டினால் 'ஹைபிரிட் முறையைச் சோதிக்கவும்' என்று மொழிபெயர்த்தது. நிற்பாட்டி மற்றத்தரம் அமத்த, ஓடத் தயார் என்று சொல்லுகிற ரெடி லைற் வந்துவிட்டது, ஆனால் சோடனை போகவில்லை. மாமி பின்னால் இருந்து, "தம்பி, ஓட்டோ பிடிப்பமே?" என்றா. ஓட்டோ பிடித்தோம்.

பின்னேரம் கராச்சுக்குக் கொண்டுபோனேன். அண்ணை ஸ்கானரைக் குத்தினார், வாகனத்தின் கொம்பியூட்டர்கள் எழுதிவைக்கிற பிழைக் கோட் ஒரு டசின் வந்தது. திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது ஹைபிரிட் பற்றரி போயிட்டுது. மாத்தத்தான் வேணும். கொழும்பில சொல்லி எடுக்கலாம்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். சொன்ன தொகைக்கு நான் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். யோசித்துச் சொல்லுகிறேன் என்று கோட்களை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் படத்தை இரவு வடிவாகப் பார்த்ததுதான் திருப்பம். ஹைபிரிட் பற்றரி உண்மையிலேயே சரியில்லை என்றால் வரவேண்டிய கோட் பி0ஏ80. அது அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. இருந்தது சி1241, அதோடு சி1310, மற்றவை 'அந்தப் பெட்டியோடு கதைக்க முடியவில்லை' என்ற வகை யு கோட்கள். சி1241 பிரேக் கொம்பியூட்டர் எழுதுவது, பொருள் எனக்கு வருகிற வோல்ற்று காணாது என்பது. சி1310ஐயும் அதே பிரேக் கொம்பியூட்டர்தான் எழுதுகிறது, ஹைபிரிட் பக்கத்தில் ஏதோ கோளாறு என்று. அண்ணை அந்த 'ஹைபிரிட்' என்ற சொல்லில் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரன் சொல்லுகிற குற்றச்சாட்டை வைத்து ஆளைப் பிடித்த கதை.

இந்த வாகனத்தில் இரண்டு பற்றரி. பின் சீற்றுக்குப் பின்னால் 201.6 வோல்ற்று நிக்கல் பற்றரி, 28 மொடியூல் கொண்டது, எஞ்சினைச் சுழற்றுவது அது. பிரியஸில் சாதாரண ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, அந்தப் பெரிய பற்றரியின் கரண்டில் எம்ஜி1 என்ற மோட்டார்தான் எஞ்சினைக் கிளப்புகிறது. டிக்கியில் வலதுபக்க மூலையில், தட்டுக்கும் பெட்டிக்கும் கீழே, ஒளித்து வைத்தமாதிரி ஒரு சின்ன 12 வோல்ற்று ஈயப் பற்றரி. எஞ்சினைச் சுழற்றுகிற வேலை அதற்கு இல்லை. கொம்பியூட்டர்களை எழுப்புவது, பெரிய பற்றரியை இணைக்கிற ரிலேக்களை மூடுவது, அவ்வளவுதான். அல்டர்னேட்டரும் இல்லை, இன்வேட்டருக்குள் இருக்கும் டிசி-டிசி கொன்வேட்டர்தான் 201 வோல்ற்றைப் பதினாலாக இறக்கிச் சின்னதைச் சார்ஜ் பண்ணுகிறது. இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. பெற்றோல் வாகனத்தில் பற்றரி இறங்கினால் ஸ்டார்ட்டர் 'கிர்ர்... கிர்ர்...' என்று இழுத்து முன்னறிவித்தல் தரும். இதில் அந்தச் சத்தம் வராது. சின்னப் பற்றரி பத்து வோல்ற்றுக்கு இறங்கினால் இருபது கொம்பியூட்டரும் அரைத் தூக்கத்தில் எழும்பி ஒன்றையொன்று குற்றம் சொல்லத் தொடங்கும். அதுதான் சோடனை.

சரி, மீற்றரை எடுத்தேன். சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றர்தான், மின்சார வேலை தெரிந்த எல்லார் வீட்டிலும் கிடக்கும். வாகனம் இரவு முழுக்க நின்ற பிறகு, கதவு ஒன்றும் திறக்காமல், பொனற்றை மட்டும் தூக்கி (முதல்நாளே பொனற் கொளுக்கியை இழுத்து விட்டிருந்தேன்) பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடிக்குக் கீழே இருக்கிற ஜம்ப் முனையில் பார்த்தேன். 11.6. இந்த வகைப் பற்றரி முழுதாக இருந்தால் 12.6, 12.8 காட்டவேண்டும். 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் கிட்டத்தட்ட வெறும். இது அதற்கும் கீழே. அடுத்து பிரேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இரண்டு தரம் அமத்தி, ரெடிக்குப் போகாமல் சின்னப் பற்றரியின் மின்சாரம் மட்டும் வருகிற ஐஜி நிலைக்குக் கொண்டுவந்து ஹெட்லைற்றைப் போட்டேன், 10.4க்கு விழுந்தது. பிறகு ரெடியில் போட்டு அதே முனையில் பார்க்க 14.2. இந்த மூன்றாவது இலக்கம் முக்கியம், ஏனென்றால் கொன்வேட்டர் வேலை செய்கிறது என்று அது சொல்லுகிறது. ரெடியிலும் 12க்குக் கீழே நின்றிருந்தால் கதை வேறு, அப்போது கராச்சுக்கு ஓடியிருப்பேன்.

பெரிய பற்றரியையும் சும்மா விடவில்லை. வாகனத்தின் ஸ்கானர்த் துவாரத்தில் குத்துகிற புளூடூத் ஓபிடி ஒன்றும் டொக்டர் பிரியஸ் என்ற போன் செயலியும் போதும். 28 மொடியூலை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 புளொக்காகக் காட்டும். நிறுத்தி வைத்துப் பார்க்க 15.6, 15.7 என்று எல்லாம் ஒட்டி நின்றன. ஒழுங்கையைத் தாண்டிப் பிரதான வீதியில் கால் அழுத்தி ஓடும்போது பக்கத்தில் மகன் இருந்து பார்த்தான், அதிகபட்ச வித்தியாசம் 0.4. ஒரு வோல்ற்றுக்கு மேல் விலகினால்தான் கவலை. 14 வயது வாகனத்துக்கு இது நல்ல பெறுபேறு. (இதைச் செய்யும்போதே பின் சீற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற காற்று வாயைப் பார்த்தேன், பற்றரிக் காற்றாடிக்குப் போகிற வழி, பாதி தூசியும் பூனை மயிரும். பிரஷ்ஷும் வக்கியூமும். இது தனிக் கதை, ஆனால் பெரிய பற்றரி உண்மையில் சாகிறது பெரும்பாலும் சூட்டால்தான்.)

பெரிய பற்றரியின் உயர் வோல்ற்று ஓடுகிற செம்மஞ்சள் நிற வயர் எதையும் நான் தொடவில்லை. தொடவும் மாட்டேன்.

சின்னப் பற்றரியைக் கழற்றி, 14.4க்கு மேல் போகாத சார்ஜரில், 4 ஆம்பியரில், இரவு முழுக்கப் போட்டேன். ஈயப் பற்றரியைச் சார்ஜரில் இருந்து எடுத்தவுடனே அளந்தால் 13 காட்டும், அது பொய். ஆறு மணித்தியாலம் விட்டு அளந்தேன், 12.5. பரவாயில்லை என்று நினைத்தேன். அடுத்த நாள் ஒன்றிலும் இணைக்காமலே 12.2க்கு வந்துவிட்டது. போட்டு, ஐஜியில் ஹெட்லைற்றோடு ஐந்து நிமிசம் விட 11.3. கொள்ளளவு போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான்.

கடையில் ஒரு சின்ன வாக்குவாதம். தந்தது சாதாரண தண்ணிப் பற்றரி, அதே அளவு, விலையும் பாதி. "எல்லாரும் இதைத்தான் போடினம்" என்றார்கள். இந்தப் பற்றரி ஆட்கள் இருக்கிற இடத்துக்குள் கிடக்கிறது, சார்ஜ் ஆகும்போது வாயு வரும், அதனால் வாயு வெளியே போக ஒரு மெல்லிய குழாய் வைத்து ஏஜிஎம் என்ற, அமிலம் சிந்தாத மூடிய வகைதான் போட்டிருக்கிறார்கள். லேபிளில் எஸ்46பி24ஆர் என்று இருந்தது. 24 என்பது நீளம் சென்ரிமீற்றரில், ஆர் என்பது முனை எந்தப் பக்கம் என்பது. எல் வாங்கிவந்தால் வயர் எட்டாது. எட்டினாலும் முனை மாறிப் பிழையாகிவிடும். பிளஸ் மைனஸ் மாறினால் பெரிய பியூஸ், சிலநேரம் கொன்வேட்டரே போய்விடும். ஏஜிஎம்தான் வாங்கினேன், குழாயையும் பழையதில் இருந்து கழற்றி மாட்டினேன். முதல் அமத்தலிலேயே ரெடி. கோட்களை அழித்தேன், ஒரு லைற்றும் இல்லை. அண்ணைக்குப் போன் அடித்துச் சொன்னேன். "ஓ, அப்பிடியோ" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று கிழமை. அவ்வளவுதான் பெருமை நின்றது.

பள்ளிக்கூட விடுமுறை, வாகனம் ஐந்து நாள் அசையவில்லை. ஆறாம் நாள் காலை பிரேக் பம்ப் மறுபடி முனகியது. புதுப் பற்றரியில் 11.9. அப்போதுதான் உறைத்தது, நான் இறந்த பற்றரியை அடக்கம் செய்தேனே தவிர, கொன்றது யார் என்று தேடவே இல்லை.

நிற்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று அளக்கவேண்டும். சொல்லச் சுகம். ஒழுங்காகச் செய்ய இரண்டு நாள் பிடித்தது, அதில் ஒரு நாள் என் பிழை. முறை இப்படி. டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பூட்டுக் கொளுக்கியை ஸ்குறூ றைவரால் மூடின மாதிரித் திருப்பிவிட வேண்டும், அப்போதுதான் வாகனம் டிக்கி பூட்டியிருக்கிறது என்று நினைக்கும், லைற் நிற்கும். (பிறகு டிக்கியை அடிக்கமுன் பொத்தானை அமத்திக் கொளுக்கியை விடுவிக்க மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து ஓங்கி அடித்து, பூட்டோடு பூட்டு மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.) கதவுகள் எல்லாம் சாத்தி, திறப்பைக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைக்க வேண்டும். ஸ்மார்ட் திறப்பு கிட்டக் கிடந்தால் வாகனம் அதோடு கதைத்துக்கொண்டே இருக்கும், நித்திரை கொள்ளாது. பிறகு மைனஸ் முனைக்கும் அதன் வயருக்கும் நடுவில் ஒரு தடித்த வயரால் பாலம் போட்டு, முனையைக் கழற்றி, மீற்றரை 10 ஆம்பியர் துவாரத்தில் வைத்து அதே இடத்தில் இணைத்துவிட்டு, அரை மணித்தியாலம் பொறுத்து, எல்லாக் கொம்பியூட்டரும் நித்திரைக்குப் போன பிறகு பாலத்தை மெதுவாக எடுப்பது. அந்த ஒழுங்கில் செய்தால் கரண்ட் ஒரு கணமும் அறாது, எழும்பவும் மாட்டாது.

முதல் நாள் எல்லாம் சரியாகச் செய்து பாலத்தையும் எடுத்துவிட்டேன், மீற்றர் 0.31 காட்டியது, எழுதக் கடதாசி எடுக்கத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து மனுசி குடையை எடுக்க முன் கதவைத் திறந்தா. பிரேக் பம்ப் ஓடியது. பம்ப் இழுக்கிற கரண்ட் பத்து ஆம்பியரை எல்லாம் மதிக்காது. மீற்றருக்குள் 'டப்' என்றது, திரை பூச்சியம். மீற்றரின் பியூஸ் போய்விட்டது. அவவைக் குறை சொல்ல முடியாது, கதவில் ஒரு துண்டு ஒட்டிவிட்டிருக்கலாம்.

அடுத்த நாள் பியூஸ் வாங்கிப் போட்டு, கதவுகளிலும் 'திறக்காதே' என்று கொப்பித் தாள் ஒட்டிவிட்டு, மறுபடி. 0.31. அதாவது 310 மில்லி ஆம்பியர். இந்த மாதிரி வாகனம் நித்திரையில் 20 முதல் 50 மில்லி வரைதான் குடிக்க வேண்டும். 0.31ஐ 24ஆல் பெருக்கினால் நாளுக்கு ஏழரை ஆம்பியர் மணி. இந்தப் பற்றரி முழுவதும் சேர்த்தே ஏறக்குறைய நாற்பது, அதில் பாதிக்குக் கீழே போனாலே அதற்கு ஆகாது. மூன்று நாள் நின்றாலே ஆகாத இடத்துக்கு வந்துவிடும், ஐந்தாம் நாள் அடிவரை இறங்கிவிடும்.

ஆனால் எந்தக் கம்பி? பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் ஏதோ ஒரு கொம்பியூட்டர் எழும்பி விளையாட்டுக் காட்டும். பிடுங்காமல் பார்க்க வழி இருக்கிறது. பியூஸின் முதுகில் இரண்டு சின்னப் பொட்டு உலோகம் தெரியும், மீற்றரை மில்லிவோல்ற்றில் வைத்து அந்த இரண்டிலும் குத்த வேண்டும். கரண்ட் ஓடாத பியூஸ் பூச்சியம் காட்டும். ஓடுவது ஒன்றிரண்டு மில்லிவோல்ற்று காட்டும். ஸ்ரியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, கழுத்தைத் திருப்பி, வாயில் ரோர்ச். கதவு திறந்திருப்பதால், அது சாத்தியிருக்கிறது என்று வாகனத்தை அங்கேயும் ஏமாற்றி விட்டிருந்தேன். 0.0, 0.0, 0.1, 0.0, 0.0, பிறகு ஒரு 10 ஆம்பியர்ச் சிவப்புப் பியூஸில் 2.1. பத்து ஆம்பியர்ப் பியூஸில் 2 மில்லிவோல்ற்று என்றால் கிட்டத்தட்ட 270, 280 மில்லி ஆம்பியர். ஆள் அகப்பட்டுவிட்டார்.

அந்தப் பியூஸின் மேல், அங்கேயிருந்து இன்னொரு பொருளுக்கும் கரண்ட் எடுக்கிற ஒரு சின்ன இரட்டைச் சொண்டு மாட்டியிருந்தது. அதில் இருந்து ஒரு சிவப்பு வயர் மேலே போகிறது. அந்த வயரை அங்கே மாட்டியது நான்தான்.

போன வருசம் வாங்கிய டாஷ்காம், வீதியைப் படம் எடுக்கிற காமரா. முன் கண்ணாடியில். வாகனம் நிற்கும்போதும் படம் எடுக்கட்டும், யாரும் உரசிப்போட்டுப் போனால் தெரியும் என்று, எப்போதும் கரண்ட் இருக்கிற பியூஸில் நானே கொளுவினேன். அதோடு வந்த சின்னக் கறுப்புப் பெட்டியில் பற்றரி இறங்கினால் வெட்டுகிற வசதி இருக்கிறது, நான்கு நிலை: 11.8, 12.0, 12.2, 12.4. பெட்டியைத் திறந்து பார்த்தேன், வந்தபடியே 11.8இல் கிடக்கிறது. பெற்றோல் வாகனத்தின் பெரிய பற்றரிக்கே 11.8 கூடாது. இந்தச் சின்னதுக்கு அது வெறுமைதான். ஒவ்வொரு நீண்ட நிற்பிலும் அடி வரை குடித்து, பிறகு பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீற்றர், சந்தை மூன்று கிலோமீற்றர் என்ற ஓட்டத்தில் பாதிகூட நிரம்பாமல் (ஈயப் பற்றரிக்கு மேல் பாதி நிரம்பவே மணித்தியாலங்கள் வேண்டும்), அடுத்த இரவு மறுபடி குடித்து, முதல் பற்றரியைக் கொன்றதும் இதேதான்.

சொண்டைப் பிடுங்கி அரை மணித்தியாலம் விட்டுப் பார்க்க மீற்றர் 0.03. காமராவை இப்போது ஏசிசி பியூஸுக்கு மாற்றிவிட்டேன், வாகனம் நின்றால் அதுவும் நிற்கும். ஒழுங்கைக்குள் யார் வந்து உரசப்போகிறார்கள்.

பக்கத்தில் இன்னும் இரண்டு சின்ன வேலை. ஜம்ப் முனையில் ஒரு சின்ன வோல்ற் மீற்றர் நிரந்தரமாகக் கொளுவலாமா என்று யோசித்தேன், பிறகு அதுவும் ஒரு குடிகாரன் என்று விட்டுவிட்டேன், கிழமைக்கு ஒருக்கால் மீற்றரால் குத்திப் பார்க்கிறேன், 12.6க்குக் கீழே இன்னும் போகவில்லை. மற்றது, ஜம்ப் கேபிள் வாங்கி டிக்கியில் அல்ல, முன் சீற்றுக்குக் கீழே வைத்திருக்கிறேன். டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும். பற்றரி செத்தால் கேபிள் உள்ளே, நான் வெளியே. அப்படி வந்தால் ரிமோட்டுக்குள் ஒளித்திருக்கிற இரும்புத் திறப்பால் சாரதிக் கதவைத் திறந்து, பொனற்றைத் தூக்கி, பிளஸைச் சிவப்பு மூடி முனைக்கும் மைனஸை எஞ்சின் பக்க வெறும் இரும்புக்கும் கொடுத்தால் போதும், ரெடிக்குச் சின்னக் கரண்ட்தான் வேண்டும். மறுபக்கம், இன்னொருவரின் டீசல் வானைக் கிளப்ப உங்கள் பிரியஸைக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்டுக்குக் கொன்வேட்டர் பக்கப் பியூஸ் தாங்காது. சொந்தக்காரர் என்றாலும்.

போன மாசம் கராச் அண்ணை தானாகப் போன் அடித்தார். "தம்பி, ஒரு அக்குவா வந்து நிக்குது, எல்லா லைற்றும். உம்மட மீற்றரைக் கொண்டு வாறீரே?" போனேன். சின்னப் பற்றரி 12.6. ஹெட்லைற்றோடும் 12.1, ரெடியில் 14.1, சி1241 இல்லை. ஓபிடியைக் குத்தினால் பி0ஏ80 தெளிவாக நிற்கிறது. அக்குவா பிரியஸை விடச் சின்ன டொயோட்டா ஹைபிரிட், அதில் 20 மொடியூல், 10 புளொக், எல்லாம் சேர்த்து 144 வோல்ற்று. ஓட்டிப் பார்க்க ஆறாவது புளொக் மட்டும் மற்றவற்றை விட 1.9 கீழே விழுந்து விழுந்து எழும்பியது. பின் சீற்றுப் பக்கக் காற்று வாயில் சாமான் பை ஒன்று கனகாலமாகக் கிடந்து அமத்தியிருந்த தடம் தெரிந்தது.

அதன் சொந்தக்காரப் பெடியன் என்னைப் பார்த்தான். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை மெல்ல, "உதுதானே நான் முதல்லயே சொன்னனான்" என்றார்.